எச்.டி.எம்.ஐ. இணைப்பு: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: ஐயா, கடையில் ‘எச்.டி.எம்.ஐ. 2.1 கேபிள்’ என்று சொல்லி இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒன்றைக் காட்டுகிறார்கள். என்னிடம் இருப்பது சாதாரண எச்.டி. செட்டாப் பாக்ஸ்தான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எச்.டி.எம்.ஐ. என்பது படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் கடத்தும் முறை. 1.4, 2.0, 2.1 ஆகிய எண்கள் டி.வி., பிளேயர் போன்ற கருவிகள் பின்பற்றும் அதன் விதிமுறைப் பதிப்பைக் குறிக்கின்றன. கேபிளுக்கு அந்த எண் கிடையாது. கேபிள்கள், வினாடிக்கு எவ்வளவு தரவைத் தாங்கும் என்பதை வைத்துத் தரம் பிரிக்கப்படுகின்றன: ‘ஹை ஸ்பீட்’ 10.2 கிகாபிட், ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ 18, ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ 48. 1080 வரிகள் கொண்ட முழு எச்.டி. படத்தை வினாடிக்கு 60 முறை அனுப்பினாலும் நான்கரை கிகாபிட்டைத் தாண்டாது என்பதால், உங்கள் பாக்ஸுடன் வந்த கேபிளே போதும். 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 120 முறை) தரும் கேம் கன்சோல் வைத்திருப்பவருக்குத்தான் 48 கிகாபிட் கேபிள் தேவைப்படும்.

கேள்வி: தங்க முலாம் பூசிய கேபிளில் படம் கூடுதல் தெளிவாகத் தெரியுமா?

பதில்: தெரியாது. தங்கம் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். டிஜிட்டல் இணைப்பில் கேபிள் திணறினால் படம் மங்குவதில்லை. முதலில் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், பிறகு படம் விட்டுவிட்டு வரும், கடைசியில் கறுத்துப் போகும்.

கேள்வி: புதிய சவுண்ட்பாரை டி.வி.யின் முதல் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினேன். டி.வி.யில் ஓடும் ஓ.டி.டி. செயலிகளின் ஒலி சவுண்ட்பாருக்கு வரவே இல்லை. சவுண்ட்பார் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. எச்.டி.எம்.ஐ. வழக்கமாகப் படத்தையும் ஒலியையும் டி.வி.க்குள் கொண்டு வருகிற பாதை. உங்களுக்குத் தேவைப்படுவது டி.வி.யிலிருந்து ஒலி வெளியே திரும்பும் பாதை. அதைத்தான் ஏ.ஆர்.சி. என்கிறார்கள். 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. 1.0 வெளிவந்தபோது அதன் 19 ஊசிகளுள் 14ஆவது ஊசியைப் பின்னாளைய தேவைக்கென்று சும்மா ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2009இல் 1.4 வந்தபோது அந்த ஊசிக்கு இந்த வேலை கிடைத்தது. ஆனால் டி.வி. தயாரிப்பாளர்கள் பொதுவாக ஒரே ஒரு துளையில்தான் இவ்வசதியைத் தருகிறார்கள். டி.வி.யின் பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதோ ஒரு துளையின் அருகே ஏ.ஆர்.சி. (ARC) அல்லது அதன் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி. (eARC) என்று அச்சிட்டிருக்கும். அது முதல் துளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்து, டி.வி.யின் அமைப்புகளில், இணைத்த கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சி.இ.சி. வசதியை இயக்க வேண்டும். சாம்சங் இதனை ‘எனிநெட் பிளஸ்’ என்றும், எல்ஜி ‘சிம்ப்லிங்க்’ என்றும், சோனி ‘பிராவியா சிங்க்’ என்றும் அழைப்பதால் பலர் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். ஒரே வசதிக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டியதால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேள்வி: அப்படியானால் சுற்றிலும் மேலிருந்தும் ஒலி கேட்கும் டால்பி அட்மாஸுக்கு இ.ஏ.ஆர்.சி. கட்டாயமா?

பதில்: எங்கிருந்து கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓ.டி.டி. தளங்கள் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸ் என்னும் சுருக்கிய வடிவில் தருகின்றன. அது சாதாரண ஏ.ஆர்.சி.யிலேயே போகும். புளூ-ரே வட்டில் உள்ள, தரம் குறையாத ட்ரூஎச்டி வடிவத்துக்கு மட்டும் 2017இல் வந்த 2.1 பதிப்பின் இ.ஏ.ஆர்.சி. வேண்டும். சிவப்பு ஒளி தெரியும் பழைய ஆப்டிகல் வயர் இவ்விரண்டுக்கும் உதவாது.

கேள்வி: 4கே பிளேயரைப் பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர் வழியாக டி.வி.க்குக் கொடுத்தால் திரை கறுப்பாகிறது. நேராகக் கொடுத்தால் படம் வருகிறது.

பதில்: நகலெடுப்பைத் தடுக்கும் எச்.டி.சி.பி. முறையின் 2.2 பதிப்பை இடையில் உள்ள ரிசீவர் அறியாததே காரணமாக இருக்கும். சங்கிலியில் ஒரு கருவிக்குத் தெரியாவிட்டாலும் பிளேயர் 4கே படத்தைத் தர மறுத்துவிடும். பிளேயரை நேராக டி.வி.யில் செருகி, ஒலியை மட்டும் ஏ.ஆர்.சி. அல்லது ஆப்டிகல் வழியாக ரிசீவருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் மட்டும் உள்ள பழைய டி.வி.க்காக ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். வேலை செய்யவில்லை.

பதில்: பெட்டியின் மீதுள்ள அம்புக்குறியைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு (அந்த மூன்று வண்ணத் துளைகளுக்கு) மாற்றுவது. ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் பெட்டியும் பார்க்க இதே மாதிரி இருப்பதால் பலர் அதை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கேபிளைச் செருகும்போது சிறு தீப்பொறி தெரிந்தது. அதன்பின் அந்தத் துளை வேலை செய்யவில்லை.

பதில்: என் வீட்டிலும் ஒரு துளை இப்படித்தான் போனது. எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்குடன் இயங்கும் கருவிகளின் உலோகப் பகுதியில், கை வைத்தால் கூசுகிற அளவுக்குக் கசிவு மின்னழுத்தம் இருக்கும். வெளியிலிருந்து வரும் கேபிள் டி.வி. அல்லது டிஷ் வயரின் உறைக் கம்பி வேறொரு மின்னழுத்தத்தில் இருந்தால், இரண்டும் சந்திக்கும் கணத்தில் அந்த வேறுபாடு எச்.டி.எம்.ஐ. சிப் வழியாகப் பாய்ந்துவிடலாம். ஆகவே சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. இரு கருவிகளின் பிளக்கையும் பிடுங்கி, டிஷ் வயரையும் கழற்றிய பிறகு எச்.டி.எம்.ஐ.யைச் செருகுங்கள். அடுத்து டிஷ் வயர், கடைசியாக மின்சாரம். இடி இடிக்கும்போதும் டிஷ் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.