டவுன் ஸ்டேஷன மூடச் சொல்லாதீங்க

கேள்வி: சேலத்துக்கு ஜங்ஷன்னு பெரிய ஸ்டேஷன் ஒண்ணு இருக்கு. அப்பறம் ஊருக்குள்ளயே மார்க்கெட், டவுன்னு இன்னும் ரெண்டு எதுக்கு? ஏறி இறங்கறவங்க கொஞ்சம் பேரு, கேட் போட்டா ரோடே நிக்குது. மூடிட்டா ட்ராஃபிக்காவது குறையும்ல? - ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: மூடக்கூடாதுங்க. இத நான் கோவமாவே சொல்றேன், ஏன்னா நான் காலேஜ் படிச்சதே வாழப்பாடிலேர்ந்து டவுன் ஸ்டேஷனுக்கு மீட்டர் கேஜ் வண்டில, அதான் பழைய குறுகலான தண்டவாளத்துல ஓடுன வண்டில வந்துதான்.

முதல்ல ஜங்ஷன் எங்க இருக்குன்னு பாருங்க. 1856-ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும் முதல் ரயில் ஓடுச்சு, 1862-க்குள்ள அந்தப் பாதை சேலம், போத்தனூர் வழியா மேற்குக் கரைல பேப்பூர் வரைக்கும் போய் சேந்துடுச்சு. அவங்களுக்கு முக்கியம் ரெண்டு கடலையும் இணைக்கறது, சேலம் நடுவுல வர்ற ஒரு ஊரு, அவ்ளோதான். பாதை ஊருக்கு மேற்கால சூரமங்கலத்துல போச்சு, ஸ்டேஷனும் அங்கயே வந்துச்சு. அந்த சூரமங்கலம் தனி நகராட்சியா இருந்து 1994-ல சேலம் மாநகராட்சி ஆனப்பதான் நம்ம ஊரோட சேந்துது. பழைய சேலம்னா திருமணிமுத்தாறு ஓரம், கோட்டை, சுகவனேஸ்வரர் கோயில், செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை. இந்த சேலத்துக்குள்ள வந்த ரயில், ஆத்தூர் வழியா விருத்தாசலம் போற பாதைதான். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரங்களுக்கு மார்க்கெட் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி கலெக்டர் ஆபீஸ்னு வர்றவங்களுக்கு டவுன் ஸ்டேஷன். அஸ்தம்பட்டிலேர்ந்து பாத்தா ஜங்ஷன் போதும்னு தோணும், சரி, கிச்சிப்பாளையத்துலேர்ந்தும் அயோத்தியாப்பட்டணத்துலேர்ந்தும் ஒரு தடவ பாருங்க.

கூட்டம் இல்லன்னு சொல்றீங்க. கூட்டம் எப்படி போச்சுன்னு சொல்றேன் கேளுங்க. அந்த மீட்டர் கேஜ அகலப்பாதையா மாத்தறோம்னு வண்டிய நிறுத்துனாங்க, வேல நடந்த காலம் பூரா தினமும் வேலைக்கு வந்தவங்க, பாக்கு மூட்டையோட வந்தவங்க, எங்கள மாதிரி படிக்க வந்தவங்க எல்லாரும் பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. 2007-ல விருத்தாசலம் வரைக்கும் அகலப்பாதை திறந்துது, அதே வருஷம் நவம்பர் 1-ல சேலத்துக்குன்னு தனி ரயில்வே கோட்டமும் வந்துது, நமக்கெல்லாம் அவ்ளோ சந்தோஷம். ஆனா பஸ்ஸுக்குப் பழகுன ஆளு ஒரு வண்டி ரெண்டு வண்டிக்காக திரும்பி வரமாட்டான், டைம் ஒத்துவரணும்ல. கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டிருந்தப்ப 2020-ல கொரோனா, மறுபடி எல்லா வண்டியும் நின்னுது. திரும்ப ஓடுனப்ப பாசஞ்சருக்கும் எக்ஸ்பிரஸ் சார்ஜ், பத்து ரூபா டிக்கெட் முப்பது ரூபா ஆச்சு, அது 2024-லதான் மறுபடி பத்துக்கு வந்துச்சு. அயோத்தியாப்பட்டணத்துலேர்ந்து டவுனுக்கு வர்றதுக்கு முப்பது ரூபா யாருங்க குடுப்பா? ரெண்டு தடவ ஆளுங்கள வெளிய அனுப்பிட்டு ஆளே இல்லன்னு சொன்னா அது நியாயமா?

கேட் விஷயம் உண்மைதான், முள்ளுவாடி கேட்ல நிக்காத சேலத்துக்காரங்க கிடையாது. கேட்ட பூட்டுனாதான் சிக்னலே விழும், அந்த மாதிரி ரெண்டையும் பிணைச்சு வெச்சிருக்காங்க, அதனாலதான் வண்டி கண்ணுக்குத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே கேட் சாத்தறாங்க. அது நம்ம உசுருக்காக. அதுக்கு வழி மேம்பாலம். ஸ்டேஷன மூடுனா மட்டும் என்ன ஆகும், வண்டி நிக்காம அதே கேட்டத் தாண்டித்தான் போகும், எழும்பூர் எக்ஸ்பிரஸும் காரைக்கால் வண்டியும் கூட்ஸும் அந்தப் பாதைலதான போவுது.

போன மாசம் ஒரு நாள் காலைல டவுன் ஸ்டேஷன்ல நின்னுட்டிருந்தேன். விருத்தாசலத்து வண்டி வந்துது. ஒரு அம்மா ரெண்டு கூடை பூவ இறக்கறாங்க, மேல ஈரத்துணி போத்தி இருக்கு, தண்ணி சொட்டுது, பின்னால நின்ன ஒரு பொண்ணு, நர்சிங் படிக்கற புள்ள போல, வெள்ள யூனிஃபார்ம நனையாம ஒரு கைல பிடிச்சுட்டு இன்னொரு கையால கூடைக்கு கை குடுக்குது. இறங்குன வேகத்துக்கு அந்தப் பொண்ணு பெரிய ஆஸ்பத்திரி பக்கம் நடந்தே போயிடுச்சு. ஜங்ஷன்ல இறக்கி விட்டிருந்தா அங்கேர்ந்து டவுன் பஸ் பிடிச்சு வந்த வழியே திரும்பி வரணும். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரைக்கும் குடுக்கறாங்க, மாசக் காசு ஏறக்குறைய பதினஞ்சு தடவ டிக்கெட் எடுக்கற காசுதான். மாசம் பூரா போய் வர்ற ஒரு வீட்டுக்கு அதுல எவ்ளோ மிச்சம்னு கணக்கு போட்டுப் பாருங்க.

சென்னைல பீச்-தாம்பரம் மின்சார ரயில் 1931-ல வந்தப்ப அந்தப் பக்கம் பாதி ஏரியும் வயலும்தான், வண்டி அடிக்கடி வந்துது, ஊரு பின்னாலயே வந்துது. நாமக்கல்லுக்கு 2013-ல கரூர் பாதை திறக்கற வரைக்கும் ரயிலே கிடையாது, ஸ்டேஷன் இல்லாத கஷ்டம் அவங்களுக்குத் தெரியும். நமக்கு ஊருக்கு நடுவுலயே ரெண்டு இருக்கு, மேல கரண்ட் கம்பியும் வந்தாச்சு. மெமுன்னு சொல்ற கரண்ட் பாசஞ்சர் வண்டின்னா ரெண்டு பக்கமும் டிரைவர் கேபின், என்ஜின் கழட்டி மாட்டற வேலையே இல்ல, ஆத்தூர் வந்த உடனே அப்படியே திரும்பலாம். ஒத்த லைன்தான், எதிர் வண்டிக்கு கிராசிங்ல நிக்கணும், அத வெச்சே டைம் போடணும், கஷ்டம்தான், ஆனா முடியாததில்ல.

மனு எழுதறதா இருந்தா ஆத்தூர்-சேலம் காலைல ஆபீஸ் நேரத்துக்கு ரெண்டு மெமு, சாயங்காலம் ரெண்டு, எல்லாம் டவுன்லயும் மார்க்கெட்லயும் நிக்கணும்னு எழுதுங்க. எழுதி நம்ம ஆபீசுக்கு கொண்டாங்க, உங்களுக்கு அடுத்த கையெழுத்து என்னோடது.