மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர்: மாநகராட்சியிடம் எதைக் கேட்பது?

கேள்வி: திருநெல்வேலியில் எங்கள் பகுதியில் பெருமழை பெய்யும்போதெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. மனு கொடுத்துச் சலித்துவிட்டோம். நிரந்தரத் தீர்வு காணும்படி மாநகராட்சியை எப்படி வற்புறுத்துவது?

“வாறுகால் (தெருவோர வடிகால்) கட்டித் தாருங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த வாறுகாலில் ஓடும் தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழுகிறது என்று கேளுங்கள். நான் பாளையங்கோட்டைப் பக்கம் குடியிருக்கிறேன். தெருக்காரர்களோடு சேர்ந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் நல்ல சிமெண்ட் வாறுகால் இருக்கிறது. ஆனால் அது சேர வேண்டிய ஓடையின் குறுக்கே கட்டிய சிறுபாலத்தின் அடித்தளம், வாறுகாலின் அடித்தளத்தைவிட உயரமாக இருக்கிறது. மழை வலுத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் நின்று, பிறகு படியேறுகிறது. அதற்குள் பாதாளச் சாக்கடையும் எதிர்த்துக்கொண்டு கழிவறை வழியாக உள்ளே வந்துவிடுகிறது. நடக்க முடியாத முதியவர்களைக் கட்டிலோடு தூக்கி மாடி வீடுகளுக்குக் கொண்டுபோகும் தெருவில், “இந்த ஆண்டு மழை அதிகம்” என்ற பதிலை ஏற்க முடியாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்தது அசாதாரண மழைதான். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஜங்ஷன் பகுதி மூழ்கியது, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியும் வெள்ளம் நின்றது. 1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்டதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். ஆற்று வெள்ளத்தை ஒரு தெரு வாறுகால் தடுக்காது, அது வேறு கதை. நீங்கள் கேட்பது சாதாரண ஐப்பசி, கார்த்திகை மழைக்கே வீட்டுக்குள் வரும் தண்ணீரைப் பற்றி. அதற்குக் காரணம் ஊரின் அமைப்பில் இருக்கிறது.

பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாக வருகிறது. ஆற்றின் மறுகரையில் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாயும், அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து கோடகன் கால்வாயும் வருகின்றன. மூன்றும் வயலுக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டியவை. பாசனக் கால்வாய் வழியெல்லாம் மடைகளுக்குத் தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போவதால் போகப் போக ஒடுங்கும். மழைநீர் வடிகாலில் வழியெல்லாம் தண்ணீர் சேர்வதால் அது போகப் போக விரிய வேண்டும். நாம் ஊரின் மழைநீரையும் சாக்கடையையும் ஒடுங்கிக்கொண்டே போகும் கால்வாயில் விடுகிறோம். போதாததற்கு, வடகிழக்குப் பருவமழை பிசான சாகுபடிக் காலத்தில், அதாவது ஐப்பசிக்குப் பிந்தைய நெல் பருவத்தில், வருகிறது. அணைத்தண்ணீர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கால்வாயில் அமலைச்செடியும் (ஆகாயத்தாமரை) குப்பையும் அடைத்திருந்தால், தெருத் தண்ணீர் எப்படி இறங்கும்?

குளங்களின் கதை இன்னும் வருத்தமானது. நயினார்குளம், வேய்ந்தான்குளம், இலந்தைக்குளம் என்று ஊருக்குள்ளேயே குளங்கள் இருக்கின்றன. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து, ஓடை வழியே அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ தண்ணீர் போக வேண்டும். குளத்தின் கரையைப் பார்க்கிறவர்கள் மறுகால் ஓடையைப் பார்ப்பதில்லை. அந்த ஓடைகளின் மேல்தான் இன்று சுற்றுச்சுவர்களும் கடைகளும் நிற்கின்றன.

எங்கள் பகுதியில் முன்பு வயல் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், ஆய்வுக்கு வந்த பொறியாளரைக் கையோடு கூட்டிக்கொண்டு நடந்தார். “சார், மறுகால் ஓடை இந்த இடத்தில்தான் திரும்பும். அந்தச் சுவருக்குக் கீழே தோண்டிப் பாருங்கள், கருங்கல் கட்டு தெரியும்” என்றார். தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் மனுவை யாரும் எளிதாக ஒதுக்கவில்லை. உங்கள் பகுதியிலும் மடை திறந்து, வரப்பு வெட்டிப் பழகிய பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு வலுச் சேர்க்க நில அளவை ஆவணங்கள் வேண்டும். புலப்பட வரைபடம், ‘அ’ பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), நகர நில அளவைப் பதிவேடு ஆகியவற்றில் அந்த இடம் ஓடை என்றோ வாய்க்கால் புறம்போக்கு என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நீர்வளத்துறைக் குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் ஓடைக்கரையில் குடிசை போட்டிருக்கும் ஏழைகளை மட்டும் குறிவைக்கும் மனுவில் நான் கையெழுத்திட மாட்டேன். அவர்களுக்கு மாற்று வீடு கொடுக்க வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுதுங்கள்.

வாறுகால் மாநகராட்சியுடையது, கால்வாயும் பெரும்பாலான குளங்களும் நீர்வளத்துறையுடையவை, பெரிய சாலையின் பாலம் நெடுஞ்சாலைத்துறையுடையது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஆகவே திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் மூன்று துறைகளும் ஒரே நாளில் இடத்துக்கு வரும் கூட்டு ஆய்வைக் கேளுங்கள். எங்கள் ஓடை விஷயம் அப்படித்தான் நகர்ந்தது. கனமழை எச்சரிக்கை வந்தவுடன் அணைக்கட்டில் கால்வாய்க்குத் தண்ணீர் திறக்கும் தலைமதகை அடைக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். செலவே இல்லாத கோரிக்கை இது.

சாலை போட வந்தால் வீட்டு வாசலில் நில்லுங்கள். பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்டம் உயராமல்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலரே உத்தரவிட்டிருக்கிறார். சாலை உயர உயர உங்கள் வீடு பள்ளமாகிவிடும்.

எங்களுடைய சிறுபாலத்தைத் தாழ்த்த மதிப்பீடு தயாராகிவிட்டது, நிதிதான் இன்னும் ஒதுக்கப்படவில்லை. நீங்களும் தண்ணீர் வடிந்த கையோடு, சுவரில் நீர்மட்டக் கறை தெரியும்போதே படம் எடுத்து, ஜனவரிக்குள் கவுன்சிலரிடமும் ஆணையரிடமும் கொடுத்துவிடுங்கள். மார்ச்சில் போடும் வரவு செலவுத் திட்டத்தில் அந்தப் பணி இடம்பெறாவிட்டால், அக்டோபரில் எத்தனை பேர் திரண்டு போனாலும் மணல் மூட்டையும் மோட்டார் பம்பும்தான் கிடைக்கும்.