பதில்: பேக் மாடலில் 1.6 சூரிய நிறையைத் தாண்டவில்லை

தம்பி, பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. புராஜெக்ட் என்று எழுதியிருந்தீர்கள், நான் பேட்டைக்காரன்தான். பேக் மாடலில் (அணுக்கருத் துகள்களின் உள்ளே இருக்கும் குவார்க்குகளை ஒரு பைக்குள் அடைத்ததாகக் கொள்ளும் மாடல்) பை மாறிலி B = 90 மெகா எலக்ட்ரான்வோல்ட்/கன ஃபெம்டோமீட்டர் வைத்தால், முழுக்கக் குவார்க்குகளாலான குவார்க் விண்மீனின் உச்ச நிறை 1.6 சூரிய நிறையில் நின்றுவிடுகிறது, மேற்பரப்பில் அழுத்தம் பூச்சியமாகியும் அடர்த்தி பூச்சியமாகவில்லை, புரோகிராம் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புரோகிராம் சரி. அழுத்தம் p, ஆற்றல் அடர்த்தி ε என்றால், p = (ε − 4B)/3 என்பதில் p பூச்சியமானால் ε = 4B. குவார்க் பொருள் தன் விசையாலேயே கட்டுண்டு கிடப்பதால் விளிம்பு அப்படித்தான் வெடுக்கென்று முடியும்.

உச்ச நிறை √B-க்கு எதிர்விகிதம். B-க்கு 57 மெகா எலக்ட்ரான்வோல்ட்/கன ஃபெம்டோமீட்டர் வைத்தால் சுமார் 2 சூரிய நிறை வரும். சோதித்துப் பாருங்கள், கரண்ட் போவதற்குள் ஓடி முடிந்துவிடும். அதற்கும் கீழே இறக்காதீர்கள்: சாதாரண அணுக்கருக்களே மேல் (up), கீழ் (down) வகைக் குவார்க்குகளாகக் கரைந்துபோக வேண்டியிருக்கும். ஆனால் வானில் அளந்த ஜே0740+6620 என்ற பல்சரோ (சுழன்று துடிப்புகள் அனுப்பும் அடர்ந்த விண்மீன்) ஏறக்குறைய 2.08 சூரிய நிறை.

ஆக, B-யைத் திருகி மட்டும் காரியம் ஆகாது. ஒலி வேகத்தின் வர்க்கம் (ஒளி வேகத்தை 1 என்று வைத்தால்) 1/3-லேயே நிற்பதுதான் சிக்கல். குவார்க்குகளுக்கு இடையே வெக்டர் விலக்கு விசையைச் சேருங்கள். எண் அடர்த்தியின் வர்க்கத்துக்கு விகிதமான ஒரே தொகை p, ε இரண்டிலும் கூடும், பொருள் விறைப்பாகும். அப்புறம் அழுத்தம் பூச்சியமாகும் இடத்தில் ஒரு பேரியானுக்கான (மூன்று குவார்க்குகளுக்கான) ஆற்றல், சாதாரண அணுக்கருவின் அளவான 930 மெகா எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று மறுபடி பாருங்கள். தாண்டினால் அது தனிக் குவார்க் விண்மீன் ஆகாது. நியூட்ரான் ஓட்டுக்குள் குவார்க் கருவை வைத்துக் கலப்பு விண்மீனாகக் கணக்கிட வேண்டும்.