புது ஊரில் புதுச் சாப்பாடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறை நெருங்கினாலே சாப்பாட்டைப் பற்றிய கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். இந்தத் தடவை வந்தவற்றில் ஒரு பயம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. பழக்கமில்லாத உணவு என்றாலே ஆபத்தான உணவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளியூரில் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் பெயர் தெரியாத பண்டம் அல்ல. நன்றாகத் தெரிந்த சோறும் சாலடும் ஐஸ் கட்டியும்தான்.

என் கணவர் எதைக் கண்டாலும் வாங்கிச் சாப்பிட்டுவிடுவார். எனக்குத் தெரியாத எதையும் வாயில் வைக்க மனம் வராது. போகிற இடத்திலெல்லாம் இதனால் சண்டை. என்னிடம் ஏதும் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. எதையும் தின்னக்கூடிய உயிரினம் மனிதன். எது உணவு, எது நஞ்சு என்று பிறக்கும்போதே தெரிவதில்லை. அதனால் இந்தத் தயக்கம் நமக்குப் பாதுகாப்பாக அமைந்திருக்கிறது. அது ஆளுக்கு ஆள் கூடும், குறையும். இதை அளப்பதற்கென்றே பிளைனர், ஹாப்டன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1992-இல் பத்து வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். பிறவியிலேயே வரும் வேறுபாடுகளும் உண்டு. கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு மாதிரி மணக்கும். அதற்கு மோப்பம் சார்ந்த ஒரு மரபணுவோடு தொடர்பு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய் 'சாப்பிட்டுப் பழகு' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். உங்களுக்கென்று தெரிந்த உணவு ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பசி அடங்கும் என்ற தைரியம் வந்த பிறகு, கணவரின் தட்டிலிருந்து நகத்தளவு எடுத்துப் பாருங்கள். ஒரே சமயத்தில் எல்லாமே புதிதாக இருக்க வேண்டாம். தெரிந்த காய் புதுச் சாறில் வரட்டும், அல்லது புது மீன் தெரிந்த மாதிரி பொரித்து வரட்டும்.

பல பண்டங்களில் தடை போடுவது நாக்கு அல்ல, மூக்கு. டுரியன் பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில் அதைக் கொண்டுபோகக் கூடாது என்று தடையே இருக்கிறது, அப்படி ஒரு வாடை. முகர்ந்துகொண்டே யோசித்தால் கை முன்னே போகாது. சுளையிலிருந்து கொஞ்சம் விண்டு வாயில் போட்டு, மென்றபடி மூச்சை மூக்கு வழியாக மெதுவாக வெளியே விட்டுப் பாருங்கள். வெளியே வாடையாக இருந்தது உள்ளே வேறொன்றாக மாறும்: கெட்டிப் பாலும் பாதாமும் சேர்ந்தாற்போல, அடியில் லேசாக வதக்கிய வெங்காயம். அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லைதான், விட்டுவிடுங்கள். உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: 'ஒரு வாய், ஒரே வாய்' என்று கெஞ்சுவதை நிறுத்தினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மெனு கார்டில் ஒரு எழுத்தும் புரியாத ஊரில் எதைப் பார்த்து ஆர்டர் செய்வது?

ஐந்தாறு மொழிகளில் நூறு ஐட்டம் அச்சடித்த மெனுவைவிட, ஒரே தாளில் எட்டுப் பத்து ஐட்டம் எழுதிய கடையை நம்புங்கள். குறைவாகச் சமைப்பவர்கள் அன்றைக்கு வாங்கியதை அன்றைக்கே தீர்ப்பார்கள். போனின் கேமரா மொழிபெயர்ப்பு உதவும், ஆனால் சமையல் பெயர்களில் அடிக்கடி உளறும். அதை மட்டும் நம்பி அலர்ஜி விஷயத்தில் முடிவெடுக்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வரும் நேரத்தில் போய், பக்கத்து மேசையில் நன்றாக இருப்பதாகத் தோன்றுவதைப் பணிவாகக் கைகாட்டிக் கேட்டால் போதும். 'எது நல்லா இருக்கும்' என்று கேட்டால் விலை கூடியதைச் சொல்ல வாய்ப்புண்டு. 'இங்கே வேலை செய்பவர்கள் எதைச் சாப்பிடுவீர்கள்' என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

தெருக்கடையில் சாப்பிடலாமா, இல்லை ஹோட்டல் பஃபேதான் பாதுகாப்பா?

கடையின் சுவரையும் மேசை விரிப்பையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சூட்டைப் பாருங்கள். சமைத்த உணவை 5 டிகிரிக்குக் கீழே அல்லது 60 டிகிரிக்கு மேலே வைக்க வேண்டும், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகும். இதை வைத்துப் பார்த்தால், கண்ணெதிரே கொதிக்கும் குழம்பிலிருந்து நேராகக் கிண்ணத்தில் ஊற்றித் தரும் தள்ளுவண்டி, காலையிலிருந்து வெதுவெதுப்பாக நிற்கும் நட்சத்திர ஹோட்டல் பஃபேயைவிடப் பத்திரமானது.

கடை முன்னால் ஒரு ஐந்து நிமிடம் நில்லுங்கள். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறதா? பொரித்ததை எடுத்துக் குவித்து வைத்துத் தருகிறாரா, ஆள் கேட்டபின் பொரிக்கிறாரா? காசு வாங்கிய கையாலேயே உணவைத் தொடுகிறாரா? பச்சை இறைச்சியை எடுத்த இடுக்கியாலேயே வெந்ததையும் எடுக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால், கூட்டம் எவ்வளவு இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். தட்டு கழுவும் வாளித் தண்ணீரையும் ஒரு பார்வை பாருங்கள். சூடான உணவை அழுக்குத் தண்ணீர் சொட்டும் தட்டில் வாங்கினால் எல்லாம் வீண்.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியில் ஒட்டியிருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. பழைய சோற்றில் செய்த ஃபிரைடு ரைஸ் ஆவி பறக்க வந்தாலும் அது உத்தரவாதம் அல்ல.

அப்புறம் ஐஸ், வெட்டி வைத்த பழம், பச்சைக் கீரை. குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாத ஊரில் இவை மூன்றும் அதே தண்ணீர்தான். பழத்தை முழுதாக வாங்கி நீங்களே உரியுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸிடம் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது.

பெருவில் செவிச்சே (எலுமிச்சைச் சாறில் ஊறவைத்த பச்சை மீன்) சாப்பிட ஆசை. எலுமிச்சைச் சாறிலேயே மீன் வெந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

வெந்த மாதிரி தெரியும், வேகவில்லை. புளிப்பு பட்டதும் மீனின் புரதம் இறுகி வெளுத்துப்போகிறது, அவ்வளவுதான். புழுவோ கிருமியோ அதில் முழுக்கச் சாகாது. கடல் மீன்களில் இருக்கும் அனிசாக்கிஸ் புழுவைக் கொல்வது உறைய வைப்பதும் நன்றாக வேக வைப்பதும்தான். மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் என்பது ஐரோப்பிய விதி. அமெரிக்க வழிகாட்டுதல் அதே குளிரில் 7 நாள் கேட்கிறது. நல்ல சுஷி கடைகளில் மீனை உறைய வைத்து எடுத்துத்தான் பரிமாறுகிறார்கள் என்றால் முகம் சுளிக்காதீர்கள், அது நல்ல செய்தி.

செவிச்சேயை விட்டுவிடச் சொல்லவில்லை. பெருவின் செவிச்சே மரபு 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதைச் சாப்பிடாமல் அந்த நாட்டிலிருந்து திரும்புவது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். கூட்டம் உள்ள கடையில், மதியத்தில், சொன்ன பிறகு வெட்டிக் கலந்து தருகிற இடத்தில் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சை மீனைத் தொட வேண்டாம்.

நாங்கள் சுத்த சைவம். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் போதாதா?

போதாது. இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டால் சைவம் என்று நினைக்கும் சமையல்காரர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாற்றுவதில்லை, குழம்பின் அடிச்சாறை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜப்பானில் 'டாஷி' என்ற சாறு பெரும்பாலும் உலர்த்திய கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. காய்கறி வேகவைத்த கிண்ணத்திலும் அது இருக்கும். தாய்லாந்திலும் வியட்நாமிலும் உப்பின் இடத்தில் மீன் சாஸ் நிற்கிறது. கொரியாவின் கிம்ச்சி ஊறுகாயில் புளிக்க வைத்த இறாலோ மீனோ சேர்ப்பது வழக்கம். மெக்ஸிகோவில் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். இத்தாலியில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக் கட்டிக்குக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த, பாலைத் திரிய வைக்கும் ரென்னட்தான் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. பிரெஞ்சு வெங்காய சூப்பில் இருப்பது மாட்டிறைச்சிச் சாறு.

அதனால் 'நான் யார்' என்று சொல்வதைவிட 'எதெல்லாம் வேண்டாம்' என்று சொல்லுங்கள். மீன் சாஸ், இறைச்சிச் சாறு, பன்றிக் கொழுப்பு, முட்டை என்று அந்த ஊர் மொழியில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, பரிமாறுபவர் வழியாக அதைச் சமையலறைக்கே அனுப்பலாம். சைவ மரபு உள்ள இடங்களைத் தேடிப் போவது இன்னும் நிம்மதி. ஜப்பானின் புத்த மடங்களில் ஷோஜின் ரியோரி என்ற சைவச் சமையல் உண்டு. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று இருந்தால் அந்தக் கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை; பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். எத்தியோப்பியாவில் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். அன்றைக்கு இஞ்ஜெரா அப்பத்தின் மேல் பருப்பும் கீரையும் பட்டாணிக் கூழும் வரிசையாக வரும். எனக்குத் தெரிந்து சைவர்களுக்கு இதைவிடச் சுகமான தட்டு வெளிநாட்டில் அபூர்வம்.

சிச்சுவான் உணவு சாப்பிட்டதும் உதடும் நாக்கும் மரத்துப்போய் நடுங்கின. அலர்ஜியா?

பெரும்பாலும் இல்லை. அது சிச்சுவான் மிளகின் வேலை. அதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள் தொடு உணர்ச்சி நரம்புகளைத் தூண்டுவதால் அந்த நடுக்கம் வருகிறது. சற்று நேரத்தில் தானாகத் தணியும். உதடு வீங்கினால், தோலில் தடிப்பு எழுந்தால், தொண்டை இறுகினால் அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரி.

காரம் தாங்கவில்லையென்றால் தண்ணீரைத் தேடாதீர்கள், பாலோ தயிரோ கேளுங்கள். மிளகாயின் காப்சைசின் தண்ணீரில் கரையாது.

மகனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. வெளிநாட்டு உணவகங்களில் சாப்பிட விடலாமா?

விடலாம், ஆனால் சாகசம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் 14 வகை அலர்ஜிப் பொருள்களைப் பற்றி உணவகங்களும் தகவல் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அங்கே தயங்காமல் கேளுங்கள். வேர்க்கடலை எதிர்பாராத இடங்களில் ஒளிந்திருக்கும்: இந்தோனேசிய சத்தே சாஸ், மேற்கு ஆப்பிரிக்கக் குழம்புகள், மெக்ஸிகோவின் மோலே என்ற குழம்பு. வறுக்கும் எண்ணெயையும் விசாரியுங்கள்.

கடும் அலர்ஜிக்குப் போடும் அட்ரினலின் ஊசிகள் இரண்டு உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும், விமானச் சரக்கில் போடாதீர்கள். ஊசி போட்டதும் குழந்தை தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து அலர்ஜி மறுபடி தலைதூக்கலாம். சமையலறையில் யாருக்கும் உங்கள் கேள்வி புரியவில்லை என்று தோன்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு வாசகர் வறுத்த வெட்டுக்கிளியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இறால், நண்டு அலர்ஜி உள்ளவர்கள் பூச்சிகளைத் தவிர்க்க வேண்டும். இரண்டிலும் ஒத்த புரதம் இருக்கிறது. மற்றவர்கள் நன்றாக வறுத்ததாகப் பார்த்து, காலையும் சிறகையும் கிள்ளிவிட்டுச் சாப்பிடலாம்.

ஆர்டர் செய்துவிட்டேன், ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவமதிப்பாக நினைப்பார்களோ?

உணவகத்தில் என்றால் சிரித்த முகத்தோடு 'எனக்குப் பழக்கமில்லை' என்றால் போதும். காரணமாகச் சமையலைக் குறை சொல்லாதீர்கள். முதலிலேயே சின்னத் தட்டாக, நான்கு பேருக்கு ஒன்றாகச் சொன்னால் வீணாவதும் குறையும்.

நான்கு வயது மகள் ஊர் மாறினால் வெறும் ரொட்டியைத் தவிர எதையும் தொடுவதில்லை.

இரண்டிலிருந்து ஆறு வயதுவரை புது உணவுக்கு எதிர்ப்பு அதிகமாக இருக்கும். ஒரு உணவு பிடித்துப்போகப் பத்து, பதினைந்து தடவைகூட அதைக் கண்ணில் காட்ட வேண்டியிருக்கும். ஒரு வாரப் பயணத்தில் அது நடக்காது. ரொட்டி சாப்பிடட்டும், பக்கத்தில் உங்கள் தட்டு இருக்கட்டும். தொட்டுப் பார்த்தால் பார்க்கட்டும். ஒரு வயது நிறையாத குழந்தை கூட இருந்தால் தேன் கலந்த எதையும் கொடுக்காதீர்கள், பொட்டுலிசம் என்ற கடுமையான நஞ்சு நோய் வரும் அபாயம் உண்டு.

எவ்வளவு கவனமாக இருந்தும் வயிறு கெட்டுவிட்டால்?

முதல் வேலை, போன நீரை உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பையில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் குவியாமல் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. மடக்கு மடக்காகக் குடியுங்கள். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை பஸ் பயணத்துக்கு உதவும். ஆனால் காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அதைத் தொடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலும், சிறுநீர் கழிவது குறைந்தாலும் அப்படித்தான்.

வெப்பமண்டலக் கடற்கரையில் பெரிய பாறை மீன், பாரகுடா மீன் சாப்பிட்டபின் வாந்தி பேதியோடு குளிர்ந்த பொருள் தொட்டால் சுடுவது போலத் தோன்றினால், அது சிகுவாட்டெரா நஞ்சாக இருக்கலாம். சமைத்தாலும் உறைய வைத்தாலும் போகாத நஞ்சு அது. என்ன மீன், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.