எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை; பிறகு ஏன் சி.டி. ஸ்கேன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி பிடித்தவர்; நான்கு ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டார். இளம் வயதில் காசநோய்க்கு முழுச் சிகிச்சை எடுத்திருக்கிறார். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலையில் சளி அதிகம். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தவிர ஒன்றும் இல்லை என்றார்கள். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்த மருத்துவர், சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார். அது அவசியமா? கதிர்வீச்சால் ஆபத்து வராதா? ஆண்டுதோறும் எடுக்க வேண்டியிருக்குமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்க்கும்போது, உங்கள் அப்பாவுக்கு ஒருமுறை சி.டி. எடுத்துப் பார்ப்பது நல்லது என்றே கருதுகிறேன். மூச்சு வாங்கும் எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. அவருக்குத் தேவைப்படுவதற்குக் காரணம், பீடிப் பழக்கம், பழைய காசநோய், காலைச் சளி ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதுதான்.

எக்ஸ்ரே பயனற்றது அல்ல. நிமோனியா, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல், இதய வீக்கம், பெரிய கட்டி போன்றவற்றை அது விரைவாகவும் குறைந்த செலவிலும் காட்டிவிடும். ஆனால் சி.ஓ.பி.டி.யில் நுரையீரல் அளவுக்கு மீறிக் காற்றால் உப்பி, உதரவிதானம் தட்டையான பிறகுதான் எக்ஸ்ரேயில் அது தெளிவாகத் தெரியும். தொடக்க நிலையிலும் நடுத்தர நிலையிலும் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆகவே 'எக்ஸ்ரே நார்மல்' என்பதை வைத்து நுரையீரலே நார்மல் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

நோயை உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி எனப்படும் ஊதும் பரிசோதனையே. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகும், ஒருவர் வேகமாக ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவாகவே முதல் நொடியில் வெளியேறினால் காற்றோட்டத்தில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். ஆனால் அந்த அடைப்பு எதனால், எந்தப் பகுதியில் என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே எண்ணைக் காட்டும் இருவரில் ஒருவருக்குக் காற்று நுண்ணறைகள் சிதைந்திருக்கலாம். மற்றவருக்குக் குழல்களின் சுவர் தடித்துச் சளி அடைத்திருக்கலாம்.

சி.டி. இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. நுண்ணறைகள் சிதைந்த இடங்கள், அதாவது எம்பைசீமா, சாம்பல் நிறப் பின்னணியில் சுவரில்லாத கரும்புள்ளிகளாகத் தெரியும். கூர்ந்து பார்த்தால் சில புள்ளிகளின் நடுவே நுண்ணிய இரத்தக்குழாய் ஒரு வெண்பொட்டாக நிற்பதைக் காணலாம். அடர்த்தியைக் குறிக்கும் சி.டி. அளவுகோலில் நீர் 0, காற்று கழித்தல் 1000. கழித்தல் 950-க்கும் கீழே இருக்கும் பகுதி எத்தனை சதவீதம் என்று கணினியைக் கொண்டு கணக்கிட்டு, எம்பைசீமாவின் பரவலையும் அளக்கிறார்கள். புகைபிடிப்பவர்களுக்கு இது பெரும்பாலும் மேல் பகுதியில்தான் மிகுந்திருக்கும். (பல ஆண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் சி.ஓ.பி.டி. வருகிறது, அவர்களிடம் எம்பைசீமாவை விடக் காற்றுக்குழல் பாதிப்பே மேலோங்கியிருக்கும். வீட்டில் அம்மாவுக்கும் மூச்சு வாங்கினால் வயதின் மீது பழி போடாதீர்கள்.)

உங்கள் அப்பாவின் விஷயத்தில் நான் இன்னும் கவனமாகத் தேடுவது காசநோய் விட்டுச்சென்ற பாதிப்பையே. அந்த நோய் குணமானாலும், மூச்சுக்குழல்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கும் பிரான்கியெக்டாசிஸ் பலருக்கு மிஞ்சிவிடுகிறது. இயல்பாகத் தன் அருகிலுள்ள இரத்தக்குழாயின் அளவே இருக்க வேண்டிய காற்றுக்குழல், அதைவிடப் பெரிதாகச் சி.டி.யில் தெரியும்; எக்ஸ்ரேயில் இது எளிதில் தப்பிவிடும். இது உறுதியானால் சிகிச்சையின் போக்கே மாறுகிறது: தினமும் சளியை வெளியேற்றும் பயிற்சியும், எந்தக் கிருமி என்று அறியச் சளிப் பரிசோதனையும் முதலிடம் பெறும். காசநோய் நுரையீரலில் விட்டுச்சென்ற பழைய குழிக்குள் பூஞ்சை வளர்ந்திருந்தால் அதுவும் தெரியவரும். சளியில் இரத்தம் வருவதற்கு அது ஒரு காரணம்.

கதிர்வீச்சைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மார்பு எக்ஸ்ரேக்கு சுமார் 0.1 மில்லிசீவர்ட், வழக்கமான மார்பு சி.டி.க்கு ஏறத்தாழ 5 முதல் 7. இயற்கையிலிருந்தே நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம். எனவே 60 வயதைக் கடந்த ஒருவர் தக்க காரணத்தோடு ஒருமுறை எடுப்பதால் கூடும் ஆபத்து மிகச் சிறியது. காரணமில்லாமல் ஆண்டுதோறும் எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். நோயின் போக்கை அறிய ஸ்பைரோமெட்ரியும், ஆறு நிமிட நடைப் பரிசோதனையும், விரலில் பார்க்கும் ஆக்சிஜன் அளவும் போதும். சி.டி.யில் சிறு முடிச்சு தென்பட்டால் மட்டும், அதன் அளவைப் பொறுத்துச் சில மாதங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். அதைக் குறைந்த கதிர்வீச்சு முறையிலேயே செய்யலாம்.

இந்த ஸ்கேனுக்குப் பொதுவாகக் கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியச் செலுத்தும் மருந்து) தேவையில்லை. ஆழமாக மூச்சை இழுத்துச் சில நொடிகள் அடக்க வேண்டும் என்பதால், இருமல் அதிகமுள்ள நாளைத் தவிர்த்து, இன்ஹேலரை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு செல்லட்டும். முன்பு எடுத்த எக்ஸ்ரேக்களையும் ஸ்பைரோமெட்ரி தாளையும் கொண்டு செல்லுங்கள்; பழைய தழும்பா, புதிய மாற்றமா என்பதை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். இதற்கிடையே சளியில் இரத்தம் வந்தாலோ, திடீரென நெஞ்சுவலியோடு மூச்சுத் திணறினாலோ ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.