விரிவு வேகமெடுக்கிறது, ஹபிள் மாறிலி ஏன் குறைகிறது?

கேள்வி: பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று சொன்னதும் ஒரு மாணவி, "ஹபிள் மாறிலி காலப்போக்கில் குறைகிறதாமே, அப்புறம் வேகம் எப்படிக் கூடும்?" என்று கேட்டுவிட்டாள். ஈர்ப்பு இழுக்கத்தானே செய்யும், எது தள்ளுகிறது? எப்படி விளக்குவது?

பதில்: மாணவி சொன்னதும் சரி, நீங்கள் சொன்னதும் சரி. ஹபிள் மாறிலி வேகம் அல்ல, ஒரு கேலக்ஸி விலகும் வேகத்தை அதன் தொலைவால் வகுத்தால் வருவது. பலகையில் ஒரே ஒரு கேலக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்று 100 மெகாபார்செக் தொலைவில், அதாவது சுமார் 32.6 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. மாறிலி 70 (ஒவ்வொரு மெகாபார்செக்குக்கும் நொடிக்கு 70 கிலோமீட்டர்) என்றால் அது நொடிக்கு 7,000 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. அதே கேலக்ஸி 200 மெகாபார்செக் தொலைவை எட்டும்போது மாறிலி ஏறக்குறைய 60 ஆகக் குறைந்திருக்கும், ஆனால் 60-ஐ 200-ஆல் பெருக்கிப் பாருங்கள், வேகம் 12,000. மாறிலி இறங்குகிறது, கேலக்ஸியின் வேகம் ஏறுகிறது. அவ்வளவுதான் முரண்பாடு.

சரி, எது தள்ளுகிறது? விரிவை வேகப்படுத்துவதற்கு இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அது என்னவென்று இன்னும் உறுதியாகத் தெரியாது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இருண்ட ஆற்றலின் அழுத்தம் கேலக்ஸிகளைப் பிடித்துத் தள்ளுகிறது என்று எழுதுவது தவறு. அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே அளவு இருந்தால் எதையும் எந்தப் பக்கமும் தள்ளாது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் ஈர்ப்பை உண்டாக்குவது அடர்த்தி மட்டுமல்ல, அதோடு அழுத்தத்தின் மூன்று மடங்கும் சேரும். இருண்ட ஆற்றல் என்பது வெற்றிடத்துக்கே உள்ள ஆற்றல் என்றால், இடம் விரிய விரிய அது நீர்த்துப்போகாது, ஒவ்வொரு கன மீட்டருக்கும் அதே அளவு இருக்கும். அதற்கு அழுத்தம் எதிர்மறையாக, அடர்த்திக்குச் சமமான அளவில் இருந்தாக வேண்டும். ஒன்றோடு மைனஸ் மூன்றைக் கூட்டினால் மைனஸ் இரண்டு, ஆக அதன் ஈர்ப்பே விலக்குவதாக மாறிவிடுகிறது.

சாதாரணப் பருப்பொருள் அப்படி இல்லை. தொலைவுகள் இரட்டித்தால் அதன் அடர்த்தி எட்டில் ஒன்றாகிவிடும். அதனால் ஆரம்பக் காலத்தில் ஈர்ப்பின் கை ஓங்கியிருந்தது, விரிவும் மெதுவாகிக்கொண்டுதான் வந்தது. பருப்பொருளின் அடர்த்தி இருண்ட ஆற்றலைப் போல் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கியதும் (அந்த மைனஸ் இரண்டு இங்கே வேலை செய்கிறது) நிலைமை திரும்பியது. அது சுமார் 600 கோடி ஆண்டுகளுக்கு முன்.

இதெல்லாம் வெறும் கணக்கு இல்லை. 1998-இல் சால் பெர்ல்மட்டரின் குழுவும், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் இருந்த இன்னொரு குழுவும் தொலைதூரத்து ஒன்-ஏ வகை சூப்பர்நோவாக்களை (ஏறக்குறைய ஒரே பிரகாசத்தோடு வெடிக்கும் விண்மீன்கள்) அளந்தபோது, விரிவு மெதுவாகிறது என்றால் இருக்கவேண்டிய பிரகாசத்தைவிட அவை மங்கலாக இருந்தன. மங்கல் என்றால் எதிர்பார்த்ததைவிடத் தொலைவு. மூவருக்கும் 2011-இல் நோபல் கிடைத்தது.

அந்த மாணவி விடமாட்டாள் போலிருக்கிறது, அடுத்து "வெற்றிட ஆற்றல்தான் என்று உறுதியா?" என்பாள். இல்லை. குவாண்டம் கோட்பாட்டை வைத்து வெற்றிட ஆற்றலை மேலோட்டமாகக் கணக்கிட்டால் அளந்த மதிப்பைவிட ஒன்றுக்குப் பின்னால் சுமார் 120 சுழியம் போட்ட அளவுக்கு அதிகமாக வருகிறது, இயற்பியலின் பெரிய தலைவலி அது. போதாததற்கு, கேலக்ஸிகளின் தொலைவுகளை அளக்கும் டெசி (DESI) ஆய்வு 2024-லும் 2025-லும் வெளியிட்ட கேலக்ஸி வரைபடங்கள், இருண்ட ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகிறதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியிருக்கின்றன. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை, அதனால் வகுப்பில் அதைச் சந்தேகமாகவே சொல்லுங்கள்.