டி.என்.ஏ.வில் அடி ஓரிடம், காயம் வேறிடமா?

டி.என்.ஏ. இழையின் ஒரு முனையில் எலக்ட்ரானைப் பறித்தால் சேதம் தள்ளிப்போய் இன்னொரு இடத்தில் ஏன் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நகர்வது உண்மையில் ஒரு காலியிடம்தான். எலக்ட்ரான் போன இடத்தில் நேர்மின் ‘துளை’ ஒன்று உண்டாகிறது. பக்கத்துக் காரம் (base, அதாவது டி.என்.ஏ.வின் ‘எழுத்து’) தன் எலக்ட்ரானைக் கொடுத்து அதை அடைக்க, துளை அங்கே தாவிவிடுகிறது.

இது நடக்கக் காரணம் காரங்களின் அடுக்கு. தட்டையான காரங்கள் சுமார் 0.34 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் அவற்றின் மேலும் கீழும் பரவியிருக்கும் பை (π) எலக்ட்ரான் மேகங்கள் தொட்டுக்கொள்கின்றன. இதற்காக டி.என்.ஏ.வைச் செம்புக் கம்பி என்று நினைத்துவிட வேண்டாம். அடுக்கு சற்றுக் குலைந்தாலே, ஒரு காரம் தவறாக ஜோடி சேர்ந்தாலே, ஓட்டம் தடுமாறும்.

சரி, துளை எங்கே நிற்கும்? நான்கு காரங்களில் எலக்ட்ரானை மிக எளிதில் இழப்பது குவானின். அதனால் துளை குவானினிலிருந்து குவானினுக்குத் தாவிச் செல்கிறது. நடுவில் ஓரிரு அடினின்–தைமின் ஜோடிகள் இருந்தால் ஒரே தாவலில் கடந்துவிடும். வரிசை நீண்டால் அடினின்களே படிக்கட்டு. இரண்டு குவானின்கள் அடுத்தடுத்து இருக்கும் இடம் துளை சிக்கிக்கொள்ளும் பெரிய பொறி. அதிலும் 5' பக்கத்து (இழையின் தொடக்க முனையை நோக்கிய) குவானினுக்குத்தான் அடி அதிகம். அமெரிக்க வேதியியலாளர் ஜாக்குலின் பார்ட்டனின் குழு 1999-இல் சுமார் 20 நானோமீட்டர் தொலைவில்கூட இந்தச் சேதத்தைக் காட்டியது.

துளை வந்து தங்கியதும் தண்ணீர் வினைபுரிகிறது. அப்புறம் 8-ஆக்ஸோகுவானின் என்ற சேதமடைந்த குவானின் உருவாகிறது. இது குவானினின் வழக்கமான ஜோடியான சைட்டோசினை விட்டுவிட்டு அடினினோடு ஜோடி சேரக்கூடியது. பழுது பார்க்கும் நொதிகள் கவனிக்காமல் விட்டால், நகலெடுக்கும்போது குவானின் இருந்த இடத்தில் தைமின் வந்து உட்கார்ந்துவிடும்.